பூட்டிக் கிடந்த மந்திரி: அரோனியனை ஆனந்த் கறுப்பில் வீழ்த்திய ஆட்டம்

2013 ஜனவரி 15. நெதர்லாந்தின் வடகடலோர ஊரான வைக் ஆன் ஸேயில் டாடா ஸ்டீல் போட்டியின் 4-வது சுற்று. வெள்ளைக் காய்களுடன் லெவோன் அரோனியன், கறுப்புக் காய்களுடன் அப்போதைய உலக சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்த். 23 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்துவிட்டது. கடைசி நிலையில் வெள்ளையிடம் இரண்டு யானைகள் இருந்தன, கறுப்பிடம் ஒன்றுதான். ஆனாலும் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டு எழுந்தவர் அரோனியன்தான்.

அரோனியன் அப்போது 2800 ரேட்டிங்கை (ஆட்டத்திறனை அளக்கும் புள்ளி) தாண்டியிருந்தவர். அந்த மட்டத்தில் கறுப்பில் ஆடுபவர் முதலில் சமநிலைக்கு வழி பார்ப்பார், வெற்றியெல்லாம் அதற்கு அப்புறம். அதிலும் ஆனந்த் எடுத்துக்கொண்டது துணிச்சலுக்குப் பேர்போன திறப்பு (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல் முறை) அல்ல. செமி-ஸ்லாவ் தற்காப்பு, அதில் மெரான் வகை. நூறாண்டு பழக்கமுள்ள, கட்டுக்கோப்பான, பார்வைக்கு அடக்கமான தற்காப்பு. அப்படிப்பட்ட திறப்பிலிருந்து இவ்வளவு பெரிய தாக்குதல் எங்கிருந்து வந்தது?

பெரும்பாலானவர்கள் இந்த ஆட்டத்தைப் பேசும்போது 16-வது நகர்த்தலைக் காட்டுவார்கள். அது கண்ணைப் பறிக்கும் நகர்த்தல், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆட்டத்தின் உயிர் 12-வது நகர்த்தலில் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஒரே ஒரு சிப்பாயை ஒரு கட்டம் முன்னே தள்ளியது, அவ்வளவுதான். அந்த ஒரு கட்டத்தின் மதிப்பு புரிய, திறப்பின் அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

பலகையின் நெடுவரிசைகளை இடமிருந்து ஏ, பி, சி என்று எச் வரைக்கும், குறுக்கு வரிசைகளை வெள்ளையின் பக்கமிருந்து 1 முதல் 8 வரைக்கும் குறிப்பது வழக்கம். வெள்ளை ராணிக்கு முன்னுள்ள சிப்பாயை டி4-க்கும், அதன் பக்கத்துச் சிப்பாயைச் சி4-க்கும் கொண்டுபோனால் அது குயின்ஸ் காம்பிட். டி5-இல் நிற்கும் கறுப்புச் சிப்பாயின் மேல் அழுத்தம் விழுகிறது. அதைத் தாங்கிப் பிடிக்கக் கறுப்புக்கு இரண்டு பழைய வழிகள் உண்டு: ஈ6-இல் சிப்பாய் வைப்பது, சி6-இல் வைப்பது. செமி-ஸ்லாவில் இரண்டையும் சேர்த்தே வைக்கிறார்கள். சிப்பாய்கள் சி6, டி5, ஈ6 என்று முக்கோணமாக நிற்கும்போது மையத்தை அசைப்பது கடினம்.

இதற்கு ஒரு விலை உண்டு. மந்திரி (பிஷப்) மூலைவிட்டமாக மட்டுமே நகரும் காய்; சி8-இல் இருக்கும் மந்திரி வெள்ளைக் கட்டங்களில் மட்டுமே நகரக்கூடியது. கறுப்பின் சிப்பாய்களும் அதே வெள்ளைக் கட்டங்களில் நின்றுகொண்டு அதன் வழியை அடைத்துவிடுகின்றன. வீட்டுக்குள் ஆளை வைத்து வெளியே பூட்டுப் போட்ட மாதிரி. கறுப்பின் பக்கம் ஆடுகிறவர்களின் தீராத கவலையே இந்த மந்திரிதான்.

மெரான் வகை இந்தக் கவலைக்கு அழகான பதில் தருகிறது. வெள்ளை தன் மந்திரியை டி3-க்கு நகர்த்தும் வரை கறுப்பு பொறுத்திருக்கும். நகர்த்திய உடனே சி4 சிப்பாயை வெட்டும். அந்த மந்திரியே வந்து திருப்பி வெட்டியாக வேண்டும், அதற்கு இன்னொரு நகர்த்தல் செலவு. அடுத்துக் கறுப்பு பி5-க்குச் சிப்பாயைத் தள்ளி அதே மந்திரியை விரட்டும், மூன்றாவது நகர்த்தலும் போயிற்று. இப்படிச் சேமித்த நேரத்தில் கறுப்பு மந்திரி பி7-க்கு வந்துவிடும். அங்கிருந்து ஏ8 மூலையையும் எச்1 மூலையையும் இணைக்கும் நீண்ட மூலைவிட்டம் முழுவதும் அதற்கு நேர்கோடு. ஒரே தடை, தன் பக்கத்துச் சி6 சிப்பாய். அது சி5-க்கு நகர்ந்துவிட்டால் பூட்டு திறந்துவிடும். மெரானில் கறுப்பின் எல்லாத் திட்டங்களும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இந்தச் சி5 தள்ளல்தான்.

வெள்ளைக்கும் இதே மாதிரி ஒரு தலைவலி இருக்கிறது, இதை விளக்கங்களில் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஈ3-இல் சிப்பாய் வைத்ததால் வெள்ளையின் சி1 மந்திரி அடைபட்டிருக்கிறது. அது வெளியே வர அந்தச் சிப்பாய் ஈ4-க்குப் போக வேண்டும். ஆக, மெரானில் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு மந்திரி உள்ளே கிடக்கிறது. யார் முதலில் தன்னுடையதை விடுவிக்கிறார் என்பதுதான் உண்மையான பந்தயம்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். முதல் எட்டு நகர்த்தல்கள் மேலே சொன்னபடியே போயின. அரோனியனின் மந்திரி டி3, அங்கிருந்து சி4, மறுபடி டி3 என்று அலைந்து நின்றது. ஆனந்த் தன் கறுப்புக் கட்ட மந்திரியை டி6-இல் வைத்தார், இருவரும் ராஜாவைக் கோட்டை கட்டிக்கொண்டார்கள் (காஸ்லிங்). அரோனியன் ராணியைச் சி2-க்குக் கொண்டுவந்தார். ராணியும் டி3 மந்திரியும் ஒரே கோட்டில், குறி எச்7. ஆனந்த் மந்திரியைப் பி7-இல் வைத்தார், அப்புறம் ஏ8 யானையைச் சி8-க்குக் கொண்டுவந்தார். சி5 தள்ளலுக்கான ஏற்பாடு முழுமையாகிவிட்டது.

இதற்கிடையில் அரோனியன் 11-வது நகர்த்தலை ஏ3-க்குச் செலவிட்டிருந்தார். 12-வதில் குதிரையை ஜி5-க்குப் பாய்ச்சினார். எச்7 சிப்பாயை இப்போது மூன்று காய்கள் குறிவைக்கின்றன. சராசரி ஆட்டக்காரருக்குக் கை தானாகவே அந்தச் சிப்பாயைக் காக்கப் போயிருக்கும். ஆனந்த் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சி5.

பி7 மந்திரியின் பாதை அந்த நொடியில் திறந்துவிட்டது, அதன் கண் வெள்ளை ராஜாவின் மூலையில் விழுகிறது. வெள்ளையின் சி1 மந்திரியோ இன்னும் வீட்டைவிட்டு நகரவில்லை. பந்தயத்தில் ஆனந்த் ஒரு நகர்த்தல் முந்திவிட்டார், அதற்காகத் தன் ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை விலையாகக் கொடுக்கவும் தயாராகிவிட்டார்.

அரோனியன் 13-வதில் குதிரையால் எச்7 சிப்பாயை வெட்டினார். அந்தக் குதிரை இப்போது எஃப்8 யானையையும் மிரட்டுகிறது. ஆனந்த் அதைத் தொடக்கூட இல்லை. தன் குதிரையை ஜி4-க்கு அனுப்பினார். டி6 மந்திரியும் ஜி4 குதிரையும் சேர்ந்து எச்2-வைக் குறிவைக்கின்றன, ராணியும் எச்4-க்கு வரக் காத்திருக்கிறது. அந்த மந்திரியின் வழியை மறிக்க அரோனியன் 14-வதில் எஃப்4-க்குச் சிப்பாயைத் தள்ளினார்.

இங்கேதான் திருப்பம். எஃப்4 ஒரு மூலைவிட்டத்தை அடைத்தது உண்மை, ஆனால் எஃப்2 கட்டம் காலியாகிவிட்டது. ஜி1-இல் நிற்கும் ராஜாவை நோக்கி வரும் இன்னொரு மூலைவிட்டத்தில் காவல் போயிற்று. ஆனந்த் டி4-இல் சிப்பாயை வெட்டினார், அரோனியன் ஈ3 சிப்பாயால் திருப்பி வெட்டினார். 15-வதில் கறுப்பு மந்திரி டி6-இலிருந்து சி5-க்கு ஒரு எட்டு. அடைத்த கோட்டை விட்டுவிட்டுத் திறந்த கோட்டுக்கு மாறிக்கொண்டது, இலவசமாகக் கிடைக்கிற யானையைப் பற்றிக் கவலையே இல்லாமல். டி4 சிப்பாயால் அந்த மந்திரியை வெட்டலாம்தான். வெட்டினால் கறுப்புக் குதிரை சி5-க்கு வந்து உட்காரும், டி வரிசை கறுப்பு ராணிக்குத் திறந்துவிடும், டி4-இல் வந்து செக் சொல்லும் வாய்ப்பும் கிடைக்கும்.

அரோனியன் மந்திரியை ஈ2-க்கு இறக்கி ஜி4 குதிரையை மிரட்டினார். இப்போது எல்லோரும் பேசும் 16-வது நகர்த்தல். ஆனந்தின் இன்னொரு குதிரை டி7-இலிருந்து ஈ5-க்கு வந்தது. எஃப்4 சிப்பாய் அதை அப்படியே வெட்டலாம். ஏற்கெனவே கறுப்பின் ஒரு யானை, ஒரு மந்திரி, ஒரு குதிரை என மூன்று காய்கள் வெட்டும் நிலையில் நிற்கின்றன, நான்காவதாக இதுவும் சேர்ந்துகொண்டது.

வெட்டினால் என்ன ஆகும் என்பதைப் பலகையில் காய்களை அடுக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கறுப்பு ராணி டி4 சிப்பாயை வெட்டிச் செக். ராஜா எச்1-க்கு ஒதுங்கும். அடுத்து ராணி நேராக ஜி1-க்குப் போய் மறுபடி செக். சி5 மந்திரியின் காவல் இருப்பதால் ராஜாவால் அந்த ராணியை வெட்ட முடியாது, யானைதான் வெட்டியாக வேண்டும். யானை ஜி1-க்கு வந்து உட்கார்ந்ததும் ஜி4 குதிரை எஃப்2-க்குப் பாயும். மேட். தன் யானையும் தன் இரண்டு சிப்பாய்களும் சுற்றி அடைத்திருக்க, ராஜாவுக்கு நகர ஒரு கட்டம்கூட இருக்காது. சிறுவர்களுக்குப் பயிற்சிப் புத்தகத்தில் சொல்லித்தரும் இந்த மேட், உலகின் முதல்வரிசை ஆட்டக்காரர்கள் இருவரின் பலகையில் நிஜமான மிரட்டலாக வந்து நின்றது.

அரோனியனுக்கு இது தெரியாமல் இருக்குமா? 17-வதில் மந்திரியால் ஜி4 குதிரையை வெட்டினார். ஆனந்த் சி5 மந்திரியால் டி4 சிப்பாயை வெட்டிச் செக் சொன்னார். ராஜா எச்1-க்குப் போனது, ஈ5 குதிரை ஜி4-இல் வெட்டி அமர்ந்தது. இந்த வெட்டோடு வெள்ளையின் வெள்ளைக் கட்ட மந்திரி பலகையைவிட்டுப் போய்விட்டது. பி7 மந்திரியை எதிர்கொள்ள இனி ஆளில்லை. 19-வதில் அரோனியன் ஒருவழியாக எஃப்8 யானையை வெட்டினார். கணக்குப்படி வெள்ளை ஒரு முழு யானை முன்னணியில்.

அடுத்து வந்த கறுப்பின் நகர்த்தல் எனக்கு மிகவும் பிடித்தது, அதைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. தாக்குதலில் இருக்கும் ஆனந்த் எஃப்8 குதிரையை வெட்டவில்லை, செக்கும் சொல்லவில்லை. எஃப்5-க்குச் சிப்பாயைத் தள்ளினார். காரணம், வெள்ளை ராணி சி2-இலிருந்து எச்7-ஐப் பார்த்துக்கொண்டிருக்கிறது, எஃப்8-இல் நிற்கும் குதிரையும் அதே எச்7-ஐக் காக்கிறது. ராணி அங்கே வந்தால் செக், கறுப்பு ராஜாவுக்கு. எஃப்5 அந்தக் கோட்டை ஒரே அடியில் அடைக்கிறது, ஜி4 குதிரைக்கும் துணை நிற்கிறது. இவ்வளவு கொந்தளிப்பான நிலையில் நிதானமாக ஒரு கதவைச் சாத்திவிட்டுத் தாக்குதலைத் தொடர்வதற்கு நிலைமையின் மேல் எவ்வளவு பிடிப்பு வேண்டும்!

மிச்சம் வேகமாக முடிந்தது. கறுப்பு ராணி எச்4-க்கு வராதபடி குதிரை ஜி6-க்கு வந்தது, ராணி எஃப்6-க்குப் போய் அதையே மிரட்டியது. அரோனியன் எச்3 ஆடி ஜி4 குதிரையை மிரட்டினார், ஆனந்த் ஜி6 குதிரையை வெட்டினார். இப்போது அந்த எச்3 சிப்பாயால் ஜி4 குதிரையை வெட்டினால், கறுப்பு ராணி எச்6-க்கு வந்து மேட். ஆகவே 22-வதில் அரோனியன் ராணியை ஈ2-க்கு நகர்த்தினார், ஆனந்தின் ராணி எச்5-க்கு வந்தது. மிரட்டல்: எச்3-இல் வெட்டினால் மேட். ஜி2 சிப்பாயால் அதைத் திருப்பி வெட்ட முடியாது. பி7 மந்திரி நீண்ட கோட்டில் அந்தச் சிப்பாயை ராஜாவோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறது. மூன்றாம் வரிசை வழியாக எச்3-ஐக் காக்க அரோனியன் ராணியை டி3-க்குக் கொண்டுவந்தார்.

23-வது நகர்த்தல்: டி4 மந்திரி ஈ3-க்கு. வெள்ளை ராணிக்கும் எச்3-க்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது, ஜி1 கட்டத்தின் மேலிருந்த பிடியையும் விடவில்லை. ராணியால் அதை வெட்டினால் குதிரை ராணியை வெட்டும். மந்திரியால் வெட்டினால் எச்3-இல் செக், அடுத்த நகர்த்தலில் மேட். அரோனியன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அந்தக் கடைசி நிலையைப் பாருங்கள்: வெள்ளையின் ஏ1 யானையும் சி1 மந்திரியும் ஆட்டம் முழுக்க ஒரு முறைகூட நகரவில்லை. ஈ3 சிப்பாய் போன பிறகும் எஃப்4 சிப்பாய் அந்த மந்திரியை மறித்துக்கொண்டிருந்தது. கறுப்பின் இரண்டு மந்திரிகளும் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளில் நின்று ஜி1-ஐயும் எச்1-ஐயும் ஆண்டன. பந்தயம் 12-வது நகர்த்தலிலேயே முடிவாகிவிட்டது என்று நான் சொல்வது இதனால்தான்.

இதெல்லாம் வீட்டில் கணினியோடு உட்கார்ந்து தயாரித்தது, பலகையில் படைத்தது அல்ல என்று ஒரு விமர்சனம் உண்டு. 2012-இல் மாஸ்கோவில் போரிஸ் கெல்ஃபாண்டுடன் நடந்த உலக சாம்பியன் போட்டிக்கான தயாரிப்பில் வந்த யோசனை இது என்று ஆனந்தே சொல்லியிருக்கிறார். அதனால் ஆட்டத்தின் மதிப்பு குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. கணினி ஆயிரம் யோசனைகளைக் காட்டும். அவற்றில் எதை நம்பி இறங்கலாம் என்று தேர்ந்தெடுப்பதும், எதிராளி எந்தக் கிளையில் திரும்பினாலும் குழம்பாமல் இருப்பதும் மனிதர் வேலை. நிலையின் உள்கட்டமைப்பு புரிந்தவருக்கே அது கைகூடும். அந்த மாஸ்கோ போட்டியின் 12 ஆட்டங்களில் 10 சமநிலை. ஆனந்த் முன்போல் வெற்றிக்காக ஆடுவதில்லை என்ற பேச்சு பலமாக இருந்த நேரம் அது. அந்தப் பேச்சுக்குப் பிறகு வந்த ஆட்டம் இது என்பதால் இதன் மேல் எனக்குக் கூடுதல் பற்று.

இந்த ஆட்டம் முடிந்ததும் சதுரங்க உலகம் உடனே நினைத்துக்கொண்ட பழைய ஆட்டம் ஒன்று உண்டு: 1907-இல் லோட்ஸ் நகரில் ரோட்லெவிக்கு எதிராக அகிபா ருபின்ஸ்டைன் கறுப்பில் ஆடியது. திறப்பு டாராஷ் தற்காப்பு. அங்கேயும் கறுப்பு மந்திரிகள் பி7, பி6 கட்டங்களிலிருந்து எச்1, ஜி1 மூலையைக் குறிவைத்தன, அங்கேயும் எஃப்4 ஆடிய வெள்ளை ராஜா எச்1-க்கு ஒதுங்கியது, அங்கேயும் கறுப்புக் குதிரை ஜி4-க்கு வந்தது. நீண்ட கோட்டை அடைக்க ரோட்லெவி தன் மந்திரியை ஈ4-இல் நிறுத்தினார். அதைக் காத்துக்கொண்டிருந்தவை சி3 குதிரையும் ஈ2 ராணியும். ருபின்ஸ்டைன் யானையால் அந்தக் குதிரையை வெட்டினார், தன் ராணியை எதிராளி எடுத்துக்கொள்ள விட்டார், இன்னொரு யானையை டி2-இல் கொடுத்து வெள்ளை ராணியையும் இழுத்துவிட்டார். காவல் இல்லாமல் நின்ற ஈ4 மந்திரியைப் பி7 மந்திரி வெட்டிச் செக் சொன்னது. வெள்ளை ராணி ஜி2-இல் குறுக்கே வந்து நிற்க, சி3 யானை எச்3-க்குப் போனதும் ரோட்லெவி விட்டுக்கொடுத்தார். 25 நகர்த்தல்கள்.

ஒப்புமை இதோடு முடியவில்லை. அந்த ஆட்டத்தின் 11-வது நகர்த்தலைப் பாருங்கள். வெள்ளை மந்திரி டி3-க்கு வரும் வரை காத்திருந்து, வந்ததும் சி4-இல் வெட்டி, அடுத்து பி5 தள்ளி விரட்டுகிறார் ருபின்ஸ்டைன். மெரானின் உத்தி அச்சு அசலாக அங்கே இருக்கிறது. அதற்கு 17 ஆண்டுகள் கழித்து, 1924-இல் வட இத்தாலியின் மெரான் நகரில் நடந்த போட்டியில், எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்டுக்கு எதிராகக் கறுப்பில் அதே உத்தியைச் செமி-ஸ்லாவில் வெற்றிகரமாக ஆடியவரும் ருபின்ஸ்டைன்தான். அந்த ஊரின் பெயரே திறப்புக்கு நிலைத்துவிட்டது.

ஆனந்துக்கும் இந்த வகை புதிதில்லை. 2008-இல் ஜெர்மனியின் பான் நகரில் விளாதிமிர் கிராம்னிக்குடன் நடந்த உலக சாம்பியன் போட்டியில், 3-வது, 5-வது ஆட்டங்கள் இரண்டிலும் கறுப்பில் மெரானையே ஆடி இரண்டையும் வென்றார். வெள்ளையில் கிராம்னிக்கைத் தோற்கடிப்பதே பெரும்பாடு என்றிருந்த காலத்தில், கறுப்பில் இரண்டு முறை. இரண்டிலும் 14-வது நகர்த்தல் மந்திரியைப் பி7-க்கு நகர்த்தியது. தன் ராஜாவைக் கோட்டை கட்டாமலே நடுவில் விட்டுவிட்டு அந்த நீண்ட கோட்டை நம்பினார். போட்டியை 6½–4½ என்று வென்று பட்டத்தைத் தக்கவைத்தார்.

2010-இல் சோஃபியாவில் வெசலின் டோபலோவுடன் ஆடியபோது 11 ஆட்டங்கள் முடிந்து இருவரும் சமநிலை. கடைசி ஆட்டத்தில் ஆனந்துக்குக் கறுப்பு. அவர் எடுத்துக்கொண்டது இன்னும் பழையது: குயின்ஸ் காம்பிட்டில் இமானுவேல் லாஸ்கரின் பெயரில் உள்ள தற்காப்பு. அதிலும் சி8 மந்திரி உள்ளேதான் கிடக்கும். 14-வதில் சி5 தள்ளினார். டோபலோவின் வெள்ளைக் கட்ட மந்திரியை ஒரு குதிரையைக் கொடுத்துப் பலகையிலிருந்து நீக்கினார். விடுபட்ட மந்திரி பி7, ஏ6, டி3 என்று சுற்றிவிட்டு ஏ8 மூலையிலேயே போய் அமர்ந்தது. 31-வதில் டோபலோவ் எஃப்5-இல் சிப்பாயை வெட்டினார், ஆனந்த் ஈ4-க்குச் சிப்பாயைத் தள்ளி நீண்ட கோட்டைத் திறக்கப் பார்த்தார், டோபலோவ் அதையும் வெட்டினார். கறுப்பு ராணி ஈ4-இல் வந்து செக் சொல்ல, வெள்ளை ராஜா எச்3-க்கு வெளியேற வேண்டியதாயிற்று. 56-வது நகர்த்தலில் டோபலோவ் விட்டுக்கொடுத்தார். போட்டி 6½–5½.